கன்னிக்கு ஒரு கூட்டாளி: திருநெல்வேலிப் பக்கம் நாயை மற்ற நாய்களோடு விளையாட விடுவது எப்படி

பாளையங்கோட்டைக்குக் குடிவந்த புதிதில் என் நாயை ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனேன். கன்னி என்கிற நம் பக்கத்து வேட்டை நாய் இனம், பெண் நாய். விடிகாலை ஐந்தரை மணி. ஆள் நடமாட்டம் குறைவு என்று நினைத்துச் சங்கிலியைக் கழற்றினேன். பத்து நொடி ஆகியிருக்காது, மைதானத்தின் மறுகோடியில் ஓர் அம்மா நடத்திக்கொண்டு போன பொமரேனியனை முயல் என்று நினைத்துத் துரத்த ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மா சட்டென்று குனிந்து தன் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "கடிக்காதும்மா, சும்மா விளையாடுது" என்று நான் இங்கிருந்து கத்தினேன். "அது ஒங்களுக்குத் தெரியும் சார், என் நாய்க்குத் தெரியுமா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்து, மூன்று வருடம் தப்பும் தவறுமாகப் பழகி, இப்போது அவளுக்கு இரண்டு கூட்டாளிகள் இருக்கிறார்கள். புதிதாக நாய் வளர்ப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரிய நகரங்களில் நாய்களுக்கென்றே பூங்கா வந்துவிட்டது. ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018-ல் மாநகராட்சியே ஒன்றைத் திறந்தது. இந்த மாதிரிப் பூங்காவில் பொதுவாக மூன்று விஷயம் இருக்கும்: சுற்றிலும் வேலி, ஒன்றைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்கும் இரட்டைக் கதவு, சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனித்தனி இடம். நம் பக்கம் நான் நாயோடு சுற்றிய இடங்களில் இந்த மூன்றும் இல்லை. ஆகவே வேலியாகவும் கதவாகவும் நாமே இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில் ஊசி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பேரம் பேச ஒன்றும் இல்லை. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிர்கொல்லி நாய் நோய்களுக்கான கூட்டு ஊசியைக் குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வருடா வருடம். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்தே பொது மண்ணில் இறக்குங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கண்ணுக்கும் தெரியாது. நோய் வந்த நாய் போன மாதம் படுத்திருந்த இடமாக இருந்தாலே போதும்.

எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வயலும் வாய்க்காலும் உள்ள ஊர் இது. எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரை நாய் நக்காமல் இருக்காது. அந்த நோய் நமக்கும் ஒட்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சந்தேகம் தீரவில்லை என்றால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஊசி முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூன்று வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸையும் ஆட்டையும் குடை பிடித்த ஆளையும் காட்டுங்கள். ஊசி போட்ட தெரிந்தவர் வீட்டு நாயோடு வீட்டு முற்றத்தில் பழகவிடுங்கள். இந்த நாட்களைத் தவறவிட்டு ஒரு வயதில் மைதானத்துக்குக் கூட்டிவந்தால், அது எதைப் பார்த்தாலும் குரைக்கும்.

கூப்பிட்டால் வருமா?

மற்ற நாயைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் நாய் இதைத் தேற வேண்டும். மொட்டை மாடியில் தொடங்குங்கள். "வா" என்று ஒரே சொல், ஒரே குரல். வந்தால் அவித்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு. என் மாமியார் கருவாட்டுத் தலையைச் சிபாரிசு செய்தார். அது என்னவோ அபாரமாக வேலை செய்தது, ஆனால் உப்பு ஜாஸ்தி. இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன்.

மாடியில் பத்துக்குப் பத்து வந்தால் தெருவில். தெருவில் வந்தால் வெட்டவெளியில், பத்து மீட்டர் நைலான் கயிறு கட்டி. கயிற்றுக்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிக் கொக்கி மாட்டிக்கொள்ளலாம். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், நாய் இழுத்த வேகத்தில் தோல் உரிந்துவிடும். கயிறு தரையில் கிடக்கட்டும், தேவைப்பட்டால் காலால் மிதியுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தாமதமாக வந்த நாயை அடிப்பது. "இவ்ளோ நேரம் கூப்பிடுறேன், வரமாட்டியால?" என்று ஒரு போடு போட்டால், வந்ததற்காக அடி வாங்கினோம் என்றுதான் அது புரிந்துகொள்ளும். அடுத்த முறை வரவே வராது.

கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவை ஓடுகிறதைப் பார்த்தால் துரத்தவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த நாய்கள். வீட்டில் பூனை மாதிரி சுருண்டு கிடப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எதிரே மயில் ஓடினால் காது கேட்காது. மயிலுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை, 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. முயலை நாய் விட்டுப் பிடிப்பதும் அதே சட்டப்படி குற்றம். எங்கள் தாத்தா காலத்துப் பெருமையெல்லாம் இப்போது செல்லாது. இன்னொன்று, இந்த நாய்களுக்குத் தலை கழுத்தைவிடச் சிறிது. சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்பக்கமாக நடந்தே உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவாக இறுகுகிற அகலப் பட்டையோ, நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸோ வாங்குங்கள்.

கூட்டாளி தேடுவது

பூங்காவுக்குக் கூட்டிப்போவது என்றதும் பத்துப் பதினைந்து நாய் கும்பலாக ஓடுவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ஒரு நாய்க்கு ஒன்றோ இரண்டோ கூட்டாளி போதும். கும்பலில் எப்போதும் ஒரு நாய் அடிபடும், அதன் சொந்தக்காரர் மட்டும் அதைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெருமாள்புரமோ மகாராஜநகரோ, எந்தப் பகுதியானாலும் சாயங்காலம் நாய் நடத்துபவர்கள் நாலைந்து பேர் தென்படுவார்கள். ஒரு வாரம் சும்மா பாருங்கள். எந்த நாய் சங்கிலி தொய்வாக நடக்கிறது, எது எதிரே வரும் நாயைப் பார்த்ததும் விறைக்கிறது, எந்த ஆள் நாயை அதட்டிக்கொண்டே போகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் போய்ப் பேசுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: ஊசி போட்டாச்சா, வயது என்ன, முன்னால் எந்த நாயோடாவது சண்டை போட்டிருக்கிறதா. மூன்றாவதற்கு "எங்க நாயி ரொம்பச் சாது" என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். "போன வருசம் பக்கத்து வீட்டு லாப்ரடாரோட ஒரு தடவ, சோத்துத் தட்டுக்கிட்ட" என்று விவரம் சொல்பவரை நம்பலாம்.

உடல் அளவு ஏறக்குறைய ஒத்துப்போகட்டும். முப்பது கிலோ நாய் அன்பாகப் போட்ட ஒரு காலே நாலு கிலோ நாயின் முதுகை முறித்துவிடும். விளையாடும் விதமும் ஒத்துப்போக வேண்டும். லாப்ரடார் உடம்பால் மோதி விளையாடும். கன்னிக்கு ஓட்டப்பந்தயம்தான் விளையாட்டு, மோதினால் கோபம் வரும். என்னுடையவளின் நெருங்கிய கூட்டாளி எங்கள் தெருமுனை டீக்கடை நாய். இனம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மற்ற நாயின் முகம் பார்த்து நடந்துகொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கருத்தடை செய்து காதில் அடையாள வெட்டுப் போட்டிருக்கிறது. அப்போதே வெறிநாய் ஊசியும் போட்டிருப்பார்கள். அதற்கு அடுத்த வருடங்களின் ஊசியை நான் போட்டுவிட்டேன்.

பெண் நாய் இரத்தம் காட்டத் தொடங்கியதிலிருந்து சுமார் மூன்று வாரம் வெளியே விளையாட்டு கிடையாது. அந்த வாசனைக்கு மூன்று தெரு நாயும் உங்கள் வாசலுக்கு வந்துவிடும், சண்டையும் கூடவே வரும்.

இடமும் நேரமும்

மைதானங்களை நான் விட்டுவிட்டேன். விடிகாலையில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், பந்து விளையாடும் பையன்கள் என்று அது மனிதர்கள் இடம். நாய் என்றால் பயப்படுகிறவர்களுக்கு அங்கே நிம்மதியாக நடக்க முழு உரிமை இருக்கிறது. நாயைக் கவனக்குறைவாக விட்டு யாருக்காவது ஆபத்து ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மாநகராட்சியில் நாய் உரிமம் பற்றியும் ஒரு நடை போய் விசாரித்துவிடுங்கள்.

நல்ல இடம் என்றால் முதலில் சுற்றுச்சுவர் போட்ட காலி மனை. சொந்தக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உள்ளே போய் முதலில் நீங்கள் மட்டும் ஒரு சுற்று நடந்து பாட்டில் சில்லு, கம்பி, சீமைக்கருவேல முள் கிடக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட அருமையான இடம் ஒன்று வருடத்தில் ஒன்றரை மாதம் மட்டும் கிடைக்கும். பிசானம் என்கிற நெல் பருவத்தின் அறுப்பு முடிந்த வயல். மாசி, பங்குனியில் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன ஊர்கள் எங்கும் தாள் மட்டும் நிற்கும் சமதரை. ஈரம் காய்ந்து மண் மெத்தென்று இருக்கும். நாய்கள் அங்கே ஓடுவதைப் பார்த்தவர்கள் மைதானத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் கேட்காமல் இறங்கக் கூடாது. நான் கேட்டபோது அந்த வயல்காரர், "விடுங்க அண்ணாச்சி, ஆனா மேற்க உளுந்து தெளிச்சிருக்கேன், அந்தப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றார். வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். ஆடுகளைப் பார்த்தால் உங்கள் நாய் சும்மா இராது, கிடைநாய் அதைவிடச் சும்மா இராது. மருந்தடித்த வயல் என்றாலும் வேண்டாம். வரப்பில் பாம்பு இருக்கும், இருட்டியபின் இறங்கவே கூடாது.

கோடையில் வற்றிய குளத்துக்குள்ளும் சிலர் விடுகிறார்கள். கரிசல் மண் குளமாக இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். வெடிப்பு வாய் பிளந்து கிடக்கும். ஓடுகிற நாயின் கால் அதற்குள் போனால் எலும்பு முறிந்துதான் வெளியே வரும்.

ஆற்றங்கரை அழகுதான். ஆனால் படித்துறையில் குளிக்கிறவர்கள் நடுவே நாயை இறக்குவது மரியாதை இல்லை. ஆள் இல்லாத மணல்திட்டில், கயிறோடு, கணுக்கால் தண்ணீர் வரை சரி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அதுவும் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18-இல் இந்த ஆறு என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

போகவே கூடாத இடங்களும் உண்டு. கூந்தன்குளம் பறவைகளுக்கான ஊர், தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காமல் அந்த மக்கள் பறவைகளைக் காக்கிறார்கள். களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். நம் நாய் கொண்டுபோகும் டிஸ்டெம்பர் காட்டு விலங்குகளைத் தாக்கும். மலையடிவார ஊர்களில் சிறுத்தை நாயைத் தேடி இறங்கிவரும். தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை, அதாவது வெடிமருந்து பொதிந்த இரையை, நாய் கவ்வினால் வாயே சிதறிவிடும். விடுமுறைக்குப் பாபநாசம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள்.

நேரம்: பங்குனி முதல் ஆவணி வரை காலை ஏழுக்குள், சாயங்காலம் ஆறுக்குமேல். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. இளைப்பு நிற்காமல், ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள்.

முதல் சந்திப்பு

வயிறு நிறையத் தின்றுவிட்டு வரக் கூடாது. ஆழ்ந்த நெஞ்சு உள்ள நாய்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். பந்து, எலும்பு, பிஸ்கட் எதையும் கொண்டுபோகாதீர்கள். பாதிச் சண்டை பொருளுக்காக வருவதுதான்.

இரண்டு பேரும் நாயோடு ஒரே திசையில், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் இடைவெளி விட்டு நடங்கள். நேருக்கு நேர் கூட்டிவருவது நாய் உலகத்தில் வம்புக்கு இழுப்பது. பத்து நிமிடம் நடந்தபின் இடைவெளியைக் குறையுங்கள். இரண்டும் பக்கவாட்டில் வளைந்து வந்து வால்பக்கம் மோந்து பார்க்கும். மூன்று வரை எண்ணிவிட்டுக் கூப்பிட்டு விலக்குங்கள். மறுபடி நடை, மறுபடி மோப்பம். இந்த நேரம் முழுக்கச் சங்கிலி தொய்வாக இருக்கட்டும். நாம் பயந்து இறுக்கிப் பிடித்தால் அந்தப் பயம் சங்கிலி வழியே நாய்க்கு இறங்கிவிடும். முதல் நாள் இவ்வளவுதான். "இவ்ளோ தூரம் வந்துட்டு விளையாடாமலா போறது?" என்று கூட வந்தவர் கேட்பார். ஆமாம், போவதுதான். மூன்றாவது நான்காவது சந்திப்பில் கயிற்றோடு விடுங்கள், அப்புறம் கயிறில்லாமல்.

விளையாட்டா, வம்பா

முன்னங்காலை நீட்டித் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டினால் அது அழைப்பு. உடம்பு நெளிந்து தளர்வாக இருக்கும், வாய் திறந்திருக்கும், துரத்தினது கொஞ்ச நேரத்தில் துரத்தப்படும். உறுமல் சத்தம் கேட்டுப் பதற வேண்டாம், விளையாட்டிலும் உறுமும்.

கவலைப்பட வேண்டியது அமைதியைக் கண்டுதான். உடம்பு கல்லாகி, வாய் மூடி, வால் உயரே கம்பி மாதிரி நின்று, கண் ஒரே இடத்தில் குத்திட்டால், அடுத்து வருவது கடி. அந்த நொடியில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நீங்கள் எதிர்த்திசையில் நடங்கள். வாலைக் காலிடுக்கில் வைத்து, உதட்டை நக்கிக்கொண்டு, உங்கள் காலுக்குப் பின்னால் வந்து நிற்கிற நாய், போகலாம் என்று சொல்கிறது. வாலாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், கடிக்கப் போகிற நாயும் வாலாட்டும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. துரத்துகிற நாயைப் பிடித்து நிறுத்துங்கள். மற்றது திரும்பி வந்து சீண்டினால் இரண்டுக்கும் சம்மதம். விட்டால் போதும் என்று ஓடினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. எல்லாம் நன்றாகப் போனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கியதும் மறுபடி விடுங்கள். மொத்தம் இருபது நிமிடம் போதும். களைத்த நாய்க்கு எரிச்சல் சீக்கிரம் வரும்.

சண்டையே வந்துவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள், கடி உங்களுக்குத்தான் விழும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். அடங்காவிட்டால் இரண்டு சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில், தத்தம் நாயின் பின்தொடைகளைப் பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னால் இழுப்பதுபோல இழுங்கள். ஒருவர் மட்டும் இழுத்தால் கவ்வின சதை கிழியும். அப்புறம் இரு நாய்களையும் முடி ஒதுக்கிப் பாருங்கள். பல் பட்ட ஓட்டை மேலே சின்னதாகத்தான் தெரியும், உள்ளே சீழ் கட்டும். அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மனிதர் மேல் பல் பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வீட்டுக்கு வந்ததும்

வாசலிலேயே உட்கார்த்தி விரலிடுக்கில் நெருஞ்சி முள் பாருங்கள். அப்புறம் காதின் உள்மடிப்பு, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி. இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெயும் வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சில நேரம் மூக்கில் இரத்தம் வரும். மாதாமாதம் உண்ணி மாத்திரையோ முதுகில் விடும் மருந்தோ தவறாமல் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

ஒரு மணி நேரம் கழித்துச் சோறு. மறுநாள் நாய் காலை நொண்டினாலோ, கிளம்பும்போது சங்கிலியைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போனாலோ இரண்டு நாள் லீவு விடுங்கள். என்னுடையவளுக்கு அந்த டீக்கடை நாயோடு ஓடிய மறுநாள் பெரும்பாலும் லீவுதான். காலை பத்து மணி வரை எழுந்திருக்கமாட்டாள்.